சான் கிளெமெந்தே, ரோம்: பத்து யூரோவுக்கு மூன்று காலம்

கொலோசியத்தை விட்டு வெளியே வருபவர்களில் பெரும்பாலோர் ரோமானிய மன்றத்துப் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். அதற்கு எதிர்த்திசையில், லாத்தரன் பேராலயத்துக்குப் போகும் தெருவில் ஐந்தாறு நிமிடம் நடந்தால் சான் கிளெமெந்தே கோயில் வரும். தெருவை ஒட்டிப் பக்கவாட்டில் ஒரு சாதாரணக் கதவு. கவனிக்காவிட்டால் தாண்டிப் போய்விடுவீர்கள். ரோமில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் டிக்கெட் எடுக்கலாம் என்று யாராவது கட்டளை போட்டால், நான் இதற்குத்தான் எடுப்பேன். நான் போனபோது கொலோசியத்துக்கு 18 யூரோ, பாந்தியோன் என்ற பழைய ரோமானியக் கோயிலுக்கு 5 யூரோ. இங்கே மேல்கோயிலுக்குக் காசு கிடையாது, நிலத்தடிக்கு இறங்க 10 யூரோ.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் கட்டடத் தொழிலில் இருப்பவன். ஒரு சுவரைப் பார்த்தால் அதில் இருக்கும் ஓவியத்துக்கு முன்னால் சாந்தைத்தான் பார்ப்பேன். பக்தியில் அரைகுறை. என்னோடு வந்தவர் என் மனைவியின் அம்மா. பிறவிக் கத்தோலிக்கர், ஜெபமாலை இல்லாமல் வீட்டைவிட்டு இறங்காதவர், பேதுருவையும் பவுலையும் இன்றைக்கும் இராயப்பர், சின்னப்பர் என்றுதான் சொல்வார். முழங்கால் வலி வேறு. எங்கள் இரண்டு பேருக்குமே பிடித்த ஒரே இடம் என்பதால் இந்த மதிப்புரையை நம்பலாம் என்று நினைக்கிறேன்.

இங்கே வருவதற்கு முன்னால் ஒரு சுற்றுலா நிறுவனத்தின் 'கிறிஸ்தவ ரோம்' அரைநாள் பேருந்துச் சுற்றில் மாட்டிக்கொண்டோம். பெயர் வேண்டாம். பேருந்தில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு ஒருவர், ரோமானியர்களுக்குப் பயந்து கிறிஸ்தவர்கள் நிலத்தடிக் கல்லறைகளுக்குள் குடும்பம் குடும்பமாக ஒளிந்து வாழ்ந்தார்கள் என்று உருக்கமாகச் சொன்னார். அத்தைக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஆனால் அது உண்மையில்லை. நகர எல்லைக்குள் பிணம் புதைக்கக் கூடாது என்பது ரோமின் மிகப் பழைய சட்டம். அதனால்தான் எல்லாருடைய கல்லறைகளும், கிறிஸ்தவர், யூதர், மற்றவர் யாராக இருந்தாலும், அப்பியா சாலை போன்ற நெடுஞ்சாலைகளின் ஓரமாக ஊருக்கு வெளியே இருக்கின்றன. அங்கே நிலத்தடியில் இருப்பது தூஃபா என்ற எரிமலைக் கல். வெட்டும்போது மிருதுவாக இருக்கும், காற்று பட்டால் இறுகும். சுரங்கம் தோண்ட அதைவிட வசதியான கல் கிடையாது. தோண்டிய இடம் எங்கே என்று அரசாங்கத்துக்கும் நன்றாகவே தெரியும். வரிசை வரிசையாகப் பிணங்கள் இருக்கும் இடத்தில் யார் குடித்தனம் நடத்துவார்கள்? அப்புறம் நான்கு கோயில்களுக்குக் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்ட மாதிரி ஓடினோம். ஐந்தாவது நிறுத்தம் ஒரு நினைவுப் பொருள் கடை. அங்கே மட்டும் நேரத்துக்குக் குறைவே இல்லை.

அந்தச் சுற்றில் உருப்படியாக இருந்தது புனித கலிஸ்துவின் நிலத்தடிக் கல்லறைதான். உள்ளே அங்கேயே இருக்கும் வழிகாட்டியோடுதான் போக வேண்டும், அவர் நிதானமாக, சரியாகச் சொன்னார். ஏறக்குறைய 20 கிலோமீட்டர் சுரங்கப் பாதை, 3ஆம் நூற்றாண்டுப் பாப்பரசர்கள் ஒன்பது பேர் புதைக்கப்பட்ட சிறு அறை, சுவரில் மீனும் நங்கூரமும். பார்க்க வேண்டியதுதான். ஆனால் அது சாவைப் பற்றிய இடம். உயிரோடு இருந்த கிறிஸ்தவர்கள் ரோமுக்குள் எப்படி நுழைந்தார்கள், ரோமிடமிருந்து எதையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள் என்று தெரிய வேண்டுமானால் சான் கிளெமெந்தேதான்.

இங்கே மொத்தம் மூன்று தளம். மேலே 12ஆம் நூற்றாண்டுக் கோயில். அதற்குக் கீழே 4ஆம் நூற்றாண்டுக் கோயில். அதற்கும் கீழே 1ஆம் நூற்றாண்டுக் கட்டடங்கள், நீரோ காலத்தில் 64ஆம் ஆண்டு நடந்த பெருந்தீக்குப் பிறகு எழும்பியவை. இதில் வேடிக்கை என்னவென்றால், 1857 வரை மேலே இருப்பதுதான் பழைய கோயில் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். புனித ஜெரோம் 4ஆம் நூற்றாண்டின் கடைசியில், ரோமில் பழைய பாப்பரசர் கிளமெந்தின் (இத்தாலியில் கிளெமெந்தே) பெயரைச் சொல்லும் ஒரு கோயில் இன்றும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். அது இதுதான் என்று நினைத்தார்கள். அயர்லாந்து தொமினிக்கன் சபையைச் சேர்ந்த ஜோசப் முல்லூலி என்ற குருவானவர் 1857இல் தோண்ட ஆரம்பித்தார். தரைக்குக் கீழே முழுசாக இன்னொரு கோயில் இருந்தது. இன்னும் தோண்டினால் அதற்குக் கீழேயும் சுவர். அந்தச் சபையார் 1677இலிருந்து இங்கே இருக்கிறார்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் அயர்லாந்தில் கத்தோலிக்கச் சபைகள் இயங்க முடியாத காலத்தில் இந்த இடம் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. இன்றும் அவர்கள் பொறுப்பில்தான் இருக்கிறது.

மேல்கோயிலில் கூரை அலங்காரமெல்லாம் 18ஆம் நூற்றாண்டுச் சமாசாரம், அதைத் தாண்டிப் போங்கள். நேரே பலிபீடத்துக்குப் பின்னால் இருக்கும் அரைவட்ட மாடத்தைப் பாருங்கள். தங்கப் பின்னணியில் பெரிய மொசைக். நடுவில் சிலுவை, சிலுவையின் மேல் பன்னிரண்டு வெள்ளைப் புறாக்கள், இரண்டு பக்கமும் மரியாளும் யோவானும். சிலுவையின் அடியிலிருந்து ஒரு கொடி கிளம்பிச் சுருள் சுருளாக மாடம் முழுக்கப் படர்கிறது. திருச்சபைதான் இந்தக் கொடி என்று கீழே லத்தீனில் எழுதியிருக்கிறது. இந்தச் சுருள் கொடி வேலைப்பாடு அதே ரோமில் அகுஸ்து பேரரசரின் அமைதிப் பீடத்தில் சலவைக் கல்லில் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே செதுக்கப்பட்டதுதான். பேரரசன் வீட்டு மங்கலச் சின்னத்தைச் சிலுவைக்கு அடியில் நட்டுவிட்டார்கள். அத்தைக்குச் சிலுவையைவிடப் பிடித்தது கீழ் வரிசையில் கோழிக்குத் தீனி போடும் ஒரு பெண். "கோயிலுக்குள்ள கோழிக்கு இடம் கொடுத்திருக்காங்க பாருங்க, மாப்பிள்ளை" என்று எனக்குக் காட்டிக்கொடுத்ததே அவர்தான். பூதக்கண்ணாடி வேண்டாம், கைபேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் போதும்.

நடுக்கூடத்தில் பாடகர்களுக்காக வெள்ளைச் சலவைக்கல் பலகைகளால் அடைத்த ஒரு இடம் இருக்கும். கீழ்க்கோயிலில் இருந்ததைப் பிரித்து மேலே கொண்டுவந்து பொருத்தியிருக்கிறார்கள். பலகையில் மாலைக்குள் பின்னிய எழுத்துகள் தெரிகின்றன. அது 2ஆம் யோவான் என்ற பாப்பரசரின் முத்திரை. அவர் இந்தக் கோயிலில் குருவாக இருந்தவர், இயற்பெயர் மெர்க்குரியுஸ். ரோமானியரின் வியாபாரத் தெய்வத்தின் பெயர். 533இல் பாப்பரசராகத் தேர்ந்தெடுத்ததும், இந்தப் பெயரோடு இராயப்பர் நாற்காலியில் உட்கார முடியாது என்று யோவான் ஆகிவிட்டார். பாப்பரசராகும்போது பெயரை மாற்றிக்கொண்ட முதல் ஆள் அவர்தான். அப்போது, கிறிஸ்தவத்துக்கு மாறிய முதல் ரோமானியப் பேரரசன் கான்ஸ்டன்டைன் போய் இருநூறு வருஷம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் ரோமில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் பிள்ளைக்கு மெர்க்குரியுஸ் என்று சாதாரணமாகப் பெயர் வைத்திருக்கிறது. பழையது போய்ப் புதியது வந்தது என்று ஒரே வரியில் பாடப்புத்தகம் எழுதிவிட்டுப் போவதை இந்தப் பலகை முன்னால் நின்றால் நம்ப முடியாது.

டிக்கெட் காட்டிவிட்டு இறங்கும் படிக்கட்டு அகலமானது, பயமில்லை. இறங்கியதும் 4ஆம் நூற்றாண்டுக் கோயில். முதல் பார்வையில் ஏமாற்றமாக இருக்கும், சொல்லிவிடுகிறேன். தலைக்கு மேலே தாழ்வான வளைவுக் கூரை, குறுக்கும் நெடுக்கும் சுவர்கள், எது கூடம் எது நடை என்றே புரியாது. மேலே இருக்கும் கோயில் கீழே இருப்பதைவிடக் குறுகலானது. அதனால் மேல்தூண்களைத் தாங்க ஒரு சுவரைப் பழைய நடுக்கூடத்தின் ஊடாகவே எழுப்பிவிட்டார்கள். அந்தச் சுவர் இல்லை என்று மனசுக்குள் அழித்துவிட்டுப் பாருங்கள். அப்போதுதான் பழைய கூடத்தின் அகலம் பிடிபடும்.

இந்தத் தளத்தில் நான் அதிக நேரம் நின்றேன். காரணம் ஓவியம் இல்லை, கட்டடத்தின் வடிவம். ரோமானியக் கோயில் என்பது சாமி இருக்கும் அறை. பலிபீடம் வெளியே, படிக்கட்டுக்கு முன்னால் இருக்கும். கூட்டம் வெயிலில் நிற்கும், உள்ளே சிலையும் பூசாரியும்தான். கிறிஸ்தவர்களுக்குத் தேவைப்பட்டது அது இல்லை. ஊரே உள்ளே வர வேண்டும், வாசகம் காதில் விழ வேண்டும், அப்பம் எல்லாருக்கும் போய்ச் சேர வேண்டும். அதற்குத் தயாராக ஒரு மாதிரி ரோமில் ஏற்கெனவே இருந்தது. பசிலிக்கா என்று பெயர். வழக்கு விசாரணைக்கும் கொடுக்கல் வாங்கல் பேச்சுக்கும் கட்டிய அரசாங்க மண்டபம். நீளமான நடுக்கூடம், இருபுறமும் தூண் வரிசை, தூணுக்கு மேலே உயர்ந்த சுவரில் சன்னல்கள், ஒரு கோடியில் அரைவட்ட மாடம். அந்த மாடத்தில் நீதிபதி உட்காருவார். கான்ஸ்டன்டைன் காலத்தில் திருச்சபை கோயிலை விட்டுவிட்டு நீதிமன்றத்தை எடுத்துக்கொண்டது. நீதிபதி இருந்த இடத்தில் ஆயர் உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

தொழில்காரனாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாந்தியோன் மாதிரி 43 மீட்டர் அகலத்துக்குக் குவிமாடம் போட வேண்டுமானால் அதைத் தாங்க 6 மீட்டர் தடிமனில் சுவர் வேண்டும், பேரரசனின் கஜானா வேண்டும். பசிலிக்காவுக்கு மேலே மரச் சட்டக் கூரை. எடை குறைவு. மெல்லிய செங்கல் சுவர் போதும். தூண்களையும் புதிதாகச் செதுக்க வேண்டாம், இடிந்து கிடக்கும் பழைய கட்டடங்களிலிருந்து எடுத்து நிறுத்தலாம். மேல்கோயிலிலேயே பாருங்கள், ஒரு தூண் போல் இன்னொன்று இல்லை. சீக்கிரம் முடியும், செலவும் கம்மி, நிறைய பேர் நிற்கலாம். இந்த மாதிரிக் கணக்குப் போட்டுத்தான் ஒரு வடிவம் ஆயிரத்து எழுநூறு வருஷம் நிலைத்தது என்று நான் அத்தையிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பரிசுத்த ஆவியானவரின் ஏற்பாடு என்றார். சரி, இரண்டும் இருக்கட்டும்.

ஓவியங்களுக்கு வருவோம். ஈரம் பாதியைத் தின்றுவிட்டது. இருப்பதில் ஒன்றை மட்டும் தேடிப் பிடித்துப் பார்த்துவிடுங்கள், 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் வரைந்தது. பெனோ என்பவரும் அவர் மனைவி மரியாவும் செலவு செய்து வரையச் சொன்னார்கள் என்று அதிலேயே இருக்கிறது. கதை இதுதான். சிசின்னியுஸ் ரோமானிய அதிகாரி. அவன் மனைவி தெயோதோரா ரகசியமாகப் பூசைக்குப் போகிறாள். இவன் சந்தேகப்பட்டுப் பின்னாலேயே போய் எட்டிப் பார்க்கிறான், கண்ணும் காதும் போய்விடுகிறது. கிளமெந்து பாப்பரசர்தான் மந்திரம் வைத்துவிட்டார் என்று ஆத்திரம் தாங்காமல், வேலைக்காரர்களை விட்டு அவரைக் கட்டி இழுத்து வரச் சொல்கிறான். அவர்களோ ஒரு கல்தூணைக் கிளமெந்து என்று நினைத்துக் கட்டி இழுக்கிறார்கள். ஓவியத்தில் தூண் படுத்துக் கிடக்கிறது. இரண்டு பேர் கயிற்றைப் பிடித்து முன்னால் இழுக்கிறார்கள், ஒருவன் பின்னால் கம்பைக் கொடுத்து நெம்புகிறான். ஆட்களுக்குப் பக்கத்தில் அவரவர் பேசுவது எழுதியிருக்கிறது. சிசின்னியுஸ், "இழுங்கடா" என்பதற்கு முன்னால் அவர்களுடைய அம்மாக்களைச் சேர்த்து ஒரு வசவு வைக்கிறான். கோயில் சுவரில்! அதுவும் லத்தீனில் இல்லை, அன்றைய ரோம் தெருப் பேச்சில். இத்தாலிய மொழி எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய இடங்களில் ஒன்று இந்த வசவு. கிளமெந்து மட்டும் லத்தீன் பேசுகிறார், உங்கள் மனசு கல்லானதால் கல்லை இழுக்கிறீர்கள் என்கிறார். சாமியார் பேசுவது ஒரு மொழி, வேலையாள் பேசுவது ஒரு மொழி. ரோமானியப் பேரரசு போய் அறுநூறு வருஷத்துக்கு அப்புறமும் அதன் மொழி பலிபீடத்தில் உயிரோடு இருந்தது, தெருவில் வேறாக மாறிவிட்டது. இரண்டும் ஒரே சுவரில், ஒரு முழ இடைவெளியில். வசவின் அர்த்தத்தை அத்தைக்கு நான் சொல்லவில்லை.

இந்தக் கோயிலை ஏன் மண் போட்டு மூடினார்கள்? 1084இல் நார்மானியப் படை ரோமைச் சூறையாடியபோது இந்தப் பகுதி எரிந்தது, அதனால்தான் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். எனக்கு அது மட்டும் காரணமாகப் படவில்லை. தூண்களுக்கு நடுவே அடைத்துக் கட்டிய சுவர்களைப் பார்த்தால், கட்டடம் அதற்கு முன்னாலேயே ஆட்டம் கண்டுவிட்டது தெரிகிறது. இரண்டு தூணுக்கு நடுவே சுவர் வைப்பது அழகுக்காக யாரும் செய்கிற வேலையில்லை. 12ஆம் நூற்றாண்டு பிறக்கும் சமயத்தில், இனி தாங்காது என்று முடிவு செய்து, இடிபாட்டை உள்ளே கொட்டி நிரப்பி, பழைய சுவர்களையே அஸ்திவாரமாக வைத்து மேலே கட்டிவிட்டார்கள். நிரப்பியதால்தான் ஓவியங்கள் தப்பித்தன. முழுதாக இடித்திருந்தால் இன்றைக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

இதே தளத்தில் ஒரு மூலையில் புனித சிரிலின் நினைவிடம். ஸ்லாவ் மக்களுக்கு எழுத்து உண்டாக்கிக் கொடுத்த சகோதரர்களில் ஒருவர், 869இல் ரோமில் இறந்து இங்கே அடக்கமானவர். கிரிமியாவிலிருந்து கிளமெந்தின் எலும்புகளைக் கொண்டுவந்ததும் அவர்தான் என்பார்கள். ஸ்லாவ் நாடுகள் ஒவ்வொன்றாக நன்றிப் பலகை வைத்திருக்கின்றன. நாங்கள் நின்றபோது ஒரு கூட்டம் வந்து பாட்டுப் பாடிவிட்டுப் போனது, நன்றாகவே இருந்தது.

இன்னும் கீழே போகும் படிதான் பழையது, குறுகலானது. கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள், படி ஈரமாக இருக்கும். காற்று சட்டென்று மாறும். இங்கே இரண்டு கட்டடங்கள், நடுவே ஒரு சந்து. ஒருவர் தாராளமாக நடக்கலாம், எதிரே இன்னொருவர் வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்க வேண்டும். சந்தின் ஒரு பக்கம் பெரிய பெரிய தூஃபாக் கற்கள், அரசாங்கக் கட்டடத்தின் தடிமன். நாணயச் சாலையாக இருந்திருக்கலாம் என்கிறார்கள். மறுபக்கம் செங்கல். நம் செங்கல் மாதிரி கட்டியாக இல்லை, தட்டையாக, அகலமாக, ஓடு மாதிரி. இடையில் இருக்கும் சாந்தை விரலால் தொட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது, தொடவில்லை. சுண்ணாம்போடு எரிமலைச் சாம்பல் கலந்தது. ஈரத்தில் கெட்டிப்படும் சரக்கு. இத்தனை நூற்றாண்டு தண்ணீரிலும் ஊறி, மேலே இரண்டு கோயிலையும் சுமந்துகொண்டு நிற்கிறதே, அதற்குக் காரணம் இந்தச் சாம்பல்தான்.

செங்கல் கட்டடத்துக்குள் மித்ராவின் கோயில். 2ஆம் நூற்றாண்டின் கடைசியிலோ 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ அமைத்தது. குகை மாதிரி தோன்ற வேண்டும் என்று கூரையில் நுரைக்கல்லை ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு ஓரமும் நீளமான கல் திண்ணை, சாய்ந்து உட்கார்ந்து விருந்து சாப்பிட. நடுவில் பலிபீடம். கம்பிக் கதவுக்கு வெளியே இருந்துதான் பார்க்க முடியும், ஆனால் பலிபீடத்தின் முகம் தெளிவாகத் தெரிகிறது. மித்ரா காளையின் முதுகில் ஒரு முழங்காலை ஊன்றி, அதன் முகத்தைப் பின்னால் இழுத்துக் கத்தியைப் பாய்ச்சுகிறான். பார்வை மட்டும் காளை மேல் இல்லை, திரும்பி வேறெங்கோ பார்க்கிறான். காளையின் ரத்தத்துக்கு நாயும் பாம்பும் தாவுகின்றன. பீடத்தின் பக்கங்களில் இரண்டு தீப்பந்தக்காரர்கள், ஒருவன் பந்தத்தை மேலே தூக்கியிருக்கிறான், மற்றவன் கீழே சாய்த்திருக்கிறான். இதைச் செய்து வைத்தவர் பெயரும் கல்லில் இருக்கிறது, அர்ரியுஸ் கிளவுதியானுஸ்.

"இது யாரு சாமி, மாப்பிள்ளை?"

"பாரசீகப் பேர் உள்ள சாமி, அத்தை. சிப்பாய், வியாபாரி, அடிமை எல்லாம் கும்பிட்டிருக்காங்க. ரொட்டி வச்சு விருந்தும் உண்டு."

"பொம்பளைங்க?"

"வரக் கூடாது."

"அப்புறம் எப்படி நிலைக்கும்" என்று நகர்ந்துவிட்டார்.

எனக்குத் தெரிந்த பேராசிரியர் விளக்கங்கள் எல்லாவற்றையும்விட இது சுருக்கம். ஆனால் நியாயமாகச் சொன்னால் கதை அவ்வளவு எளிதில்லை. 2ஆம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த புனித ஜஸ்டின், மித்ராவின் ஆட்கள் ரொட்டியும் ஒரு கிண்ணம் தண்ணீரும் வைத்து நம் சடங்கைக் காப்பியடிக்கிறார்கள் என்று குறைபட்டு எழுதியிருக்கிறார். இரண்டு கூட்டமும் ஒரே நகரில், ஒரே மாதிரி அறைகளில், சாப்பாட்டைச் சுற்றி உட்கார்ந்த சின்னக் கூட்டங்கள். பக்கத்துக் கட்டடத்தில்தான் முதல் கிறிஸ்தவர்கள் கூடினார்கள், அது கிளமெந்தின் வீடு என்று பக்திக் கதை சொல்கிறது. கற்களில் அதற்குத் தடயம் இல்லை. தடயம் உள்ளது ஒன்றுதான். 4ஆம் நூற்றாண்டில் பெரிய கல் கட்டடத்தின் மேல் கோயில் எழும்புகிறது. நூற்றாண்டு முடியும் சமயம், தெயோதோசியுஸ் பேரரசர் பழைய வழிபாடுகளுக்குத் தடை போட்ட காலத்தில், மித்ராவின் அறை மூடப்படுகிறது. கோயிலின் அரைவட்ட மாடம் அந்தச் சந்துக்கு மேலாக நீண்டு அந்த அறையின் தலைக்கு மேலே வந்து உட்காருகிறது. ஜெயித்தவர் தோற்றவரின் கூரையில் நாற்காலி போட்டிருக்கிறார். சண்டை போட்டுத்தான் இடத்தைப் பிடித்தார்களா, காசு கொடுத்து வாங்கினார்களா, சுவர் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை.

கீழே எங்கே நின்றாலும் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். குழாய் உடைந்துவிட்டதோ என்று எனக்கு முதலில் தொழில் புத்தி வேலை செய்தது. அது பழைய நிலத்தடி நீரோட்டம். முல்லூலி தோண்டியபோது இந்தத் தளம் தண்ணீரில் கிடந்தது, பல வருஷம் யாராலும் இறங்க முடியவில்லை. 1912இலிருந்து 1914 வரை வேலை செய்து, கொலோசியம் பக்கமாக ஏறக்குறைய 700 மீட்டர் நீளத்துக்குச் சுரங்கக் கால்வாய் வெட்டி, ரோமின் பழைய பெருஞ்சாக்கடையான குளோவாக்கா மாக்சிமாவில் கொண்டுபோய் விட்டார்கள். மன்னராட்சிக் காலத்தில் தொடங்கிய சாக்கடை அது. 20ஆம் நூற்றாண்டில் ஒரு துறவற சபைக்கு இருந்த வடிகால் பிரச்சினையை அதுதான் தீர்த்தது. ரோம் உலகத்துக்கு என்ன விட்டுப்போனது என்று கேட்பவர்கள் சட்டம், சாலை, மொழி என்று அடுக்குவார்கள். என் பட்டியலில் இந்தச் சாக்கடை முதல் ஐந்துக்குள் வரும்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கீழே படம் எடுக்கக் கூடாது, கண்ணால்தான். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். வழுக்காத செருப்பு அவசியம். மதியம் மூடிவிட்டுத் திரும்பத் திறப்பார்கள், ஞாயிறு காலை பூசை நேரம் என்பதால் மதியத்துக்கு மேல்தான் பார்வையாளர்கள். வழிகாட்டி தேவையில்லை, ஆனால் எதையும் படிக்காமல் போனால் கீழே வெறும் ஈரச் சுவர்கள்தான் தெரியும். அதற்கு 10 யூரோ தண்டம். ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு மேல்கோயில் மட்டும்தான். முழங்கால் வலிக்காரர்கள் முதல் படிக்கட்டை இறங்கி ஓவியத் தளத்தோடு நின்றுகொள்ளலாம். அத்தை மித்ரா வரைக்கும் இறங்கினார் என்றால் அது வைராக்கியம், எல்லாருக்கும் சொல்ல மாட்டேன். அவர் ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு புனிதர் பெயர் சொன்னார், படிகள் முடிந்தபோது பட்டியலில் இன்னும் ஆட்கள் மிச்சம் இருந்தார்கள்.

வரும் வழியிலேயே காசில்லாமல் பார்க்க ஒன்று இருக்கிறது. கொலோசியத்தை ஒட்டி நிற்கும் கான்ஸ்டன்டைன் வளைவு, 315இல் திறந்தது. 312இல் மில்வியன் பாலத்துச் சண்டையில் சிலுவையின் துணையால் ஜெயித்தான் என்று நாம் படித்திருக்கிறோம். வளைவின் கல்வெட்டில் கிறிஸ்துவின் பெயர் கிடையாது. 'தெய்வத்தின் தூண்டுதலால்' என்று மட்டும் இருக்கிறது. எந்தத் தெய்வம் என்று சொல்லாமல் எழுதியிருக்கிறார்கள், அவரவர் விருப்பப்படி படித்துக்கொள்ளலாம். செனட் சபையில் இரண்டு பக்கத்து ஆட்களும் இருந்தார்கள் அல்லவா, நல்ல அரசாங்கக் குமாஸ்தா எழுதிய வாசகம். பக்கத்திலேயே சூரியதேவன் தேரில் போகும் சிற்பம் வேறு.

நேரம் இருந்தால் சான் கிளெமெந்தேக்குப் பின்னால் மேட்டில் இருக்கும் சாந்தி குவாத்ரோ கொரோனாத்தி மடத்துக்கும் போய் வாருங்கள். அங்கே புனித சில்வெஸ்டர் சிற்றாலயத்தில் 1246ஆம் ஆண்டு ஓவியங்கள். தொழுநோய் பிடித்த கான்ஸ்டன்டைன் பாப்பரசர் கையால் ஞானஸ்நானம் பெற்றுக் குணமாகிறான். மண்டியிட்டு மகுடத்தைக் கொடுக்கிறான், பாப்பரசரின் குதிரையைத் தானே கடிவாளம் பிடித்து நடத்திப் போகிறான். ஒன்றும் நடந்ததில்லை. உண்மையில் அவன் 337இல் சாகும் தறுவாயில்தான், ரோமுக்கு வெகுதூரத்தில், வேறொரு ஆயர் கையால் ஞானஸ்நானம் பெற்றான். மேற்கு ரோமானியப் பேரரசையே பாப்பரசருக்கு எழுதிக் கொடுத்தான் என்ற பத்திரமும் பிற்காலப் போலி, அதை 1440இல் லொரென்சோ வல்லா அதன் லத்தீன் நடையை வைத்தே அம்பலப்படுத்தினார். ஓவியம் வரைந்த சமயத்தில் பாப்பரசருக்கும் 2ஆம் பிரெடெரிக் பேரரசருக்கும் கடும் சண்டை. சுவரொட்டி மாதிரி வரைந்து வைத்திருக்கிறார்கள். வண்ணம் மட்டும் நேற்றுப் பூசியது போல இருக்கிறது.

மடத்தில் வெளியே வராமல் உள்ளேயே வாழும் அகுஸ்தீன் சபைக் கன்னியர்கள். மணியை அடித்துக் காத்திருக்க வேண்டும், சிறு காணிக்கை கேட்பார்கள், சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் மதியம் மூடுவதால் காலையில் முதலில் மேட்டுக்கு ஏறிவிட்டு, பிறகு இறங்கி சான் கிளெமெந்தேக்கு வருவது நல்லது. நாங்கள் தலைகீழாகச் செய்தோம். நிலத்தடியிலிருந்து ஏறிவந்த அத்தை மேட்டைப் பார்த்தார், "நீங்க போயிட்டு வாங்க மாப்பிள்ளை, நான் கோழியப் பார்த்துட்டு இருக்கேன்" என்று மொசைக்குக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

சான் கிளெமெந்தேக்கு என் மதிப்பெண் 5க்கு 4.5. அத்தை 5க்கு 5 கொடுக்கச் சொல்கிறார்.